'லீபெ': ஜெர்மன் பழகுபவர்களுக்கு ஒரு சொல்லின் வழிகாட்டி

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது மாதம் வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பவர். கடிதம் 'லீபர் ஹெர்' என்று என் பெயரோடு தொடங்கி 'லீபெ க்ரூஸெ' என்று முடிந்திருந்தது. 'லீபெ என்றால் காதல், அன்பு' என்று அகராதியில் படித்துவிட்டு வந்தவனுக்கு எப்படி இருக்கும்? வயிற்றைக் கலக்கியது. நடுவில் இருந்த நாலு வரியை அப்புறம்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். காகிதத் தொட்டியில் பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டேனாம். இன்னொரு தடவை போட்டால் குப்பை வண்டிக்காரர்கள் தொட்டியை எடுக்காமல் போய்விடுவார்களாம். முன்னாலும் பின்னாலும் அன்பு, நடுவில் திட்டு.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லில் ஒருமுறையாவது இடறுவார்கள். காரணம் எளிது. 'லீபெ' என்ற சொல்லையும் அதன் பிள்ளைகுட்டிகளையும் ஜெர்மன்காரர்கள் தண்ணீராகச் செலவழிப்பார்கள்: கடிதத்தில், டீக்கடையில், குழந்தையிடம், அலுவலகத்தில். ஆனால் 'இஷ் லீபெ டிஷ்' என்ற மூன்று சொல் வாக்கியத்தை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். எங்கே தாராளம், எங்கே சிக்கனம் என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வாய் பழகட்டும்

இந்தச் சொல்லில் ஆங்கில எழுத்துப் பெயரால் ஐ, ஈ என்று இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும். ஜெர்மனில் இந்த ஜோடியைப் படிக்க ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டாவது எழுத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் போதும். ஐ-க்கு அடுத்து ஈ வந்தால் 'ஈ'. ஈ-க்கு அடுத்து ஐ வந்தால் 'ஐ'. ஆகவே 'லீபெ'. எழுத்தை மாற்றிப் படித்தால் 'லைப்' பக்கம் போய்விடும், அது உடம்பு.

'லீ'யை நன்றாக நீட்டுங்கள். அதை 'லே' ஆக்கினால் 'லேபென்' வரும், அது வாழ்வது. 'லோ' ஆக்கினால் 'லோபென்', அது புகழ்வது. 'லேபர்' என்றால் கல்லீரல், கறிக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது. ஒரு உயிரெழுத்து பிசகினால் காதலியைப் பார்த்து ஈரல் என்று சொல்லும் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது 'ப'. நமக்கு இது சுலபம், ஏனென்றால் இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'லீபெ'யில் வருவது 'கோபம்' என்று சொல்லும்போது வரும் ப. சொல் 'லீப்' என்று மெய்யில் முடிந்தால் 'உப்பு' என்பதில் வரும் ப். ஜெர்மனில் சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலிகள் எல்லாம் இப்படி இறுகிவிடும். 'லீபு' என்று கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்க்கும் நம் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

'இஷ்', 'டிஷ்' என்று நான் எழுதுவது வசதிக்காக. உண்மையில் அந்த ஒலி 'ஷ்' அல்ல. 'ஈ' என்று சொல்ல வாயை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் விட்டால் பூனை சீறுவது போல ஒன்று வருமே, அதுதான். வராவிட்டால் கவலை வேண்டாம். ரைன் நதிக்கரைக்காரர்கள் அதைக் கிட்டத்தட்ட 'இஷ்' என்றேதான் சொல்கிறார்கள். பெர்லின்காரர்கள் 'இக்' என்பார்கள்.

கடிதத்தில்: இது காதல் அல்ல, 'அன்புள்ள'

புதியவருக்கு அன்றாடம் தேவைப்படும் இடம் இதுதான். கடிதத் தலைப்பில் வரும் 'லீபெ' நம் 'அன்புள்ள' தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெண்ணுக்கு எழுதினால் 'லீபெ', ஆணுக்கு 'லீபர்', பலருக்குச் சேர்த்து எழுதினால் மறுபடி 'லீபெ', அஃறிணைப் பாலில் வரும் சொல்லுக்கு 'லீபெஸ்'. 'லீபெ ஃப்ராவ்', 'லீபர் ஹெர்', 'லீபெஸ் டீம்' என்று பழகிக்கொள்ளுங்கள். 'லீபெ ஹெர்' என்று எழுதுவது புதியவர்களின் முத்திரைப் பிழை. நான் ஒரு வருடம் எழுதினேன். பெயருக்குப் பின் காற்புள்ளி வைத்து, அடுத்த வரியைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்து போடத்தான் கை போகும்.

எப்போது 'லீபெ' போடலாம்? முன்பின் தெரியாதவருக்கும் அரசு அலுவலகத்துக்கும் கூடாது. அவர்களுக்கு 'ஸேர் கெயேர்ட்டெ', அதாவது 'பெருமதிப்பிற்குரிய'. கடைசியில் 'மிட் ஃப்ராய்ன்ட்லிஷென் க்ரூஸென்'. சக ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியை என்று முகம் தெரிந்தவர்களுக்கு 'லீபெ' தாராளமாகப் போடலாம். குழப்பமாக இருந்தால் எதிராளி முதலில் எப்படி எழுதுகிறார் என்று பார்த்து அதையே திருப்பி எழுதுங்கள். அவர் 'கெயேர்ட்டெ'வில் நிற்கும்போது நீங்கள் 'லீபெ'வுக்குத் தாவினால் கொஞ்சம் தோளில் கைபோட்ட மாதிரி இருக்கும்.

'லீபெ க்ரூஸெ' என்றால் அன்பு வணக்கங்கள். செய்திகளில் இதை 'எல்-கே' என்று இரண்டே எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. அன்பைச் சொல்ல நேரமில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பிறந்தநாள் அட்டையில் 'அல்லெஸ் லீபெ' என்று எழுதினால் எல்லா அன்பும் உரித்தாகுக என்று பொருள். மாமியாருக்கும் எழுதலாம், மேலாளருக்கும் எழுதலாம்.

டீயா காப்பியா என்று கேட்கும்போது

'கெர்ன்' என்றால் விருப்பத்தோடு. 'இஷ் ட்ரிங்கெ கெர்ன் டே' என்றால் எனக்கு டீ பிடிக்கும். அதற்கு அடுத்த படி 'லீபர்', அதைவிட இது பிடிக்கும். உச்சம் 'அம் லீப்ஸ்டென்'. கடையில் 'லீபர் காஃபே ஓடர் டே?' என்று கேட்டால், உங்களுக்கு எது வசதி, காப்பியா டீயா என்றுதான் கேட்கிறார்கள். மனிதரைக் கூப்பிடும் 'லீபர்' வேறு, இந்த 'லீபர்' வேறு. உருவம் மட்டும் ஒன்று.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'லீப்லிங்ஸ்' என்று ஒட்டினால் மிகப் பிடித்தது என்று ஆகிவிடும். பிடித்த சாப்பாடு, பிடித்த நிறம், பிடித்த நாற்காலி, எதற்கும் ஒட்டலாம். மொழி வகுப்பின் முதல் மாதத்தில் இதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்.

சின்ன எழுத்தில் வரும் 'லீப்' நல்ல, அன்பான என்று பொருள்படும். யாராவது உங்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், 'தஸ் இஸ்ட் லீப் ஃபான் இனென்' என்று சொல்லலாம். குழந்தையிடம் 'ஸை லீப்!' என்றால் சமர்த்தாக இரு.

வேரைப் பிடித்தால் சொல் மறக்காது

நான் இலக்கண அட்டவணையை விட வேர்க்கதையை நம்புகிறவன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

'லீபெ'யும் ஆங்கில 'லவ்'வும் ஒரே குடும்பம். ஆசைப்படுதல், விரும்புதல் என்ற பொருள் கொண்ட பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து பிரிந்தவை. ரஷ்ய மொழியின் 'லியுபோவ்' அதே வேர்தான். சமஸ்கிருதத்தில் அந்த வேர் 'லுப்' என்று ஆகி 'லோபம்' என்ற சொல்லைத் தந்தது. அங்கே ஆசை பேராசையாகிவிட்டது. அந்த 'லோபம்' தமிழுக்கு வந்து நாம் கஞ்சனைச் சொல்லும் 'உலோபி' ஆனது. ஆக ஜெர்மன் காதலும் நம்மூர்க் கஞ்சனும் தூரத்துப் பங்காளிகள்.

ஜெர்மனுக்குள்ளேயே இந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஆட்கள் உண்டு. 'க்லௌபென்' நம்புவது. 'எர்லௌபென்' அனுமதிப்பது. 'லோப்' பாராட்டு. புதியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் 'ஊர்லௌப்', அதாவது விடுமுறை, இதுவும் அந்த வேர்தான். இடைக்காலத்தில் அதற்கு 'போய்வர அனுமதி' என்று பொருள். வீரன் தன் தலைவனிடமோ தலைவியிடமோ விடைபெற்றுக் கிளம்பக் கேட்கும் உத்தரவு அது. நாம் 'லீவு கேட்டேன்' என்று சொல்லும்போது ஆங்கிலத்திலிருந்து எடுத்துப் புழங்கும் அந்த 'லீவு'ம் இதே வேரிலிருந்து முளைத்ததுதான்.

இடைக்கால ஜெர்மனில் 'லீபெ' என்றால் முதன்மையாகக் காதல் அல்ல, மகிழ்ச்சி. 1200-ஐ ஒட்டி எழுதப்பட்ட நிபெலுங்கென் காவியத்தில் அது 'லைட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக வருகிறது: இன்பமும் துன்பமும். அப்படியானால் காதலுக்கு என்ன சொன்னார்கள்? 'மின்னெ'.

இந்த 'மின்னெ'தான் எனக்கு இரண்டில் அழகான சொல். அதன் முதல் பொருள் நினைவு. சமஸ்கிருத 'மனஸ்', அதிலிருந்து வந்த நம் 'மனசு', ஆங்கில 'மைண்ட்' எல்லாம் ஒரே வேர். ஸ்வீடன்காரர்கள் இன்றும் நினைவு என்பதற்கு 'மின்னெ' என்றே சொல்கிறார்கள். ஒருவரை நினைத்துக்கொண்டே இருப்பது என்பதிலிருந்து காதல் என்ற பொருள் ஏறியிருக்கிறது. நாமும் 'உன் நினைப்பாகவே இருக்கு' என்று சொல்கிற ஆட்கள்தானே.

12-ஆம் நூற்றாண்டிலிருந்து அரசவைகளில் எட்டாத உயரத்தில் இருக்கும் சீமாட்டியைப் பாடும் பாடல் மரபு ஒன்று வளர்ந்தது. அதன் பெயர் 'மின்னெஸாங்'. வால்டர் ஃபொன் டெர் ஃபோகெல்வைடெ அதன் பெரும் கவிஞர். இந்தப் பாடல்களைத் தொகுத்த புகழ்பெற்ற ஏடு ஒன்று ஸூரிக் நகரில் 1300-ஐ ஒட்டி உருவாகத் தொடங்கியது. கவிஞர்களைக் காட்டும் 137 முழுப்பக்க ஓவியங்களோடு அது இன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அப்புறம் 'மின்னெ'க்கு ஒரு சறுக்கல் வந்தது. இடைக்காலத்தின் கடைசியில் அதன் பொருள் உடல் உறவை நோக்கி இறங்கியது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் சொல்லாகி, 1500 வாக்கில் பேச்சிலிருந்தே விழுந்துவிட்டது. காலியான அந்த நாற்காலியில்தான் 'லீபெ' வந்து உட்கார்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பழைய பாடல்களைத் தேடிப் படித்தவர்கள் 'மின்னெ'யை மறுபடி எடுத்துத் துடைத்து வைத்தார்கள். ஆனால் அது அருங்காட்சியகச் சொல்லாகவே நின்றுவிட்டது. நீங்கள் புழங்க வேண்டாம், புரிந்தால் போதும்.

அன்பைச் சொல்லும் ஏணி

இங்கேதான் கவனம் தேவை. கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

'இஷ் மாக் டிஷ்' என்றால் உன்னை எனக்குப் பிடிக்கும். நண்பரிடம் சொல்லலாம், ஒன்றும் ஆகாது.

அடுத்த படி 'இஷ் ஹாப் டிஷ் லீப்'. இதற்கு நேரான ஒற்றை வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன்னை அன்பாக வைத்திருக்கிறேன்'. அம்மா பிள்ளையிடம், பிள்ளை தாத்தாவிடம், உயிர்த்தோழி தோழியிடம், புதிதாகப் பழகும் ஜோடி ஒருவரிடம் ஒருவர் சொல்வது இது. இதில் ஒரு இளஞ்சூடு உண்டு, உறுதிமொழியின் கனம் இல்லை. இளசுகள் இதன் முதலெழுத்துகளை எடுத்து 'ஹா-டே-எல்' என்று அனுப்புவார்கள். கொஞ்சம் கூடுதலாக உருகினால் எழுத்துகளும் கூடி 'ஹா-டே-கே-டே-எல்' ஆகும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தில், இங்கேயே பிறந்த மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று 'ஹாப் டிஷ் லீப், மாமா' என்று கத்துவாள். ஜெர்மனில் அம்மாவுக்கு 'மாமா' என்றுதான் பெயர். உள்ளேயிருந்து, 'ஓம் குஞ்சு, கவனமாப் போட்டு வா' என்று பதில் வரும். மொழிபெயர்ப்பில் இதைவிடச் சரியாக நான் எதையும் பார்த்ததில்லை.

'இஷ் பின் இன் டிஷ் ஃபெர்லீப்ட்' என்றால் உன் மேல் காதலில் விழுந்திருக்கிறேன். நாம் 'மேல்' என்று சொல்லும் இடத்தில் ஜெர்மன் 'உள்ளே' என்று சொல்கிறது. இது தொடக்கக் காய்ச்சலின் சொல். பத்து வருடம் குடும்பம் நடத்தியவர் இதைச் சொன்னால் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

உச்சிப் படி 'இஷ் லீபெ டிஷ்'. ஆங்கிலப் படங்களில் போனை வைக்கும்போதெல்லாம் 'லவ் யூ' என்கிறார்களே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பழகிய ஆறாவது நாள் இதைச் சொன்னால் எதிராளி மகிழ்வதைவிட மிரள வாய்ப்பு அதிகம். சொல்லிவிட்டால் பொறுப்பு எடுத்துக்கொண்டதாகவே கணக்கு. தோழிக்கோ சக ஊழியருக்கோ நன்றி சொல்லும் உற்சாகத்தில் இதை உதிர்த்துவிடக் கூடாது. உலோபியின் சொந்தக்காரச் சொல் அல்லவா, இந்த இடத்தில் மட்டும் குடும்பக் குணம் தெரிகிறது.

பொருள்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. 'இஷ் லீபெ பீட்ஸா' என்று இளைஞர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். மெக்டொனால்ட்ஸ் தன் உலக விளம்பர வாசகத்தை 2003 செப்டம்பரில் முதன்முதலில் அறிமுகம் செய்தது மியூனிக்கில்தான், 'இஷ் லீபெ எஸ்' என்று. அதே மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவில் இதய வடிவ இஞ்சி ரொட்டியில் சர்க்கரை எழுத்தில் 'இஷ் லீபெ டிஷ்' எழுதிக் கயிறு கட்டி விற்பார்கள். அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிவிடுவது விளையாட்டுக் கணக்கு. இருந்தாலும் யார் கழுத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே பவேரியாக்காரர்கள் உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தால் இதைச் சொல்ல மாட்டார்கள். 'இ மோக் டி' என்பார்கள். எழுத்து ஜெர்மனில் அது வெறும் 'பிடிக்கும்'. அவர்கள் வாயில் அதுதான் உச்சி.

முகம் ஒன்று, ஆள் வேறு

'ஃபெர்லீப்ட்' காதல் கொண்டவர். 'பெலீப்ட்' எல்லாருக்கும் பிடித்தவர். வகுப்பில் ஒருநாள் எங்கள் ஆசிரியையைப் பாராட்ட நினைத்து, 'எங்கள் ஆசிரியை மிகவும் ஃபெர்லீப்ட்' என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பு அமைதியானது. ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, 'இன் வேன்?' என்று மட்டும் கேட்டார். யார் மேல்? அன்றைக்குக் கற்ற வித்தியாசம் சாகும்வரை மறக்காது. 'பெலீபிஷ்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது 'ஏதோ ஒன்று, எதுவானாலும்' என்ற பொருளில் படிவங்களில் வரும், அன்புக்கு அங்கே வேலையில்லை.

'லீப்ஹாபர்' என்றால் கள்ளக்காதலனும் ஆகலாம், பழைய கடிகாரம் சேர்க்கும் ஆர்வலரும் ஆகலாம். விளம்பரத்தில் வந்தால் இரண்டாவது. பக்கத்து வீட்டுப் பேச்சில் வந்தால் பெரும்பாலும் முதலாவது.

'லீப்ஷ்டெக்கல்' என்று ஒரு கீரைக்கொத்து சந்தையில் கிடைக்கும். பெயரில் 'லீப்' இருப்பதால் காதல் மூலிகை என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. அது லத்தீன் பெயர் ஒன்று மக்கள் வாயில் திரிந்து வந்தது, காதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிள்ளி முகர்ந்தால் மேகி மசாலா சாஸ் வாசம் அடிக்கும். அதனால் 'மேகி கீரை' என்றே அதைக் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் அந்த சாஸில் இந்தக் கீரை சேர்வதில்லை. பருப்பு ரசத்தில் இரண்டு இலை போட்டுப் பாருங்கள், மோசமில்லை.

ஊருக்கு ஊர் 'லீப்ஃப்ரௌவென்' என்று தேவாலயமோ தெருவோ இருக்கும். அது அன்புக்குரிய நம் அன்னை, அதாவது மரியாள். கிறிஸ்துமஸ் சந்தையில் 'லீபெஸ்அப்ஃபெல்' என்று கேட்டால் சிவப்புச் சர்க்கரைப்பாகு பூசிய ஆப்பிளைக் குச்சியில் செருகித் தருவார்கள். பல்லுக்கு நான் பொறுப்பல்ல.

யாராவது சொன்னால் என்ன பதில்

'இஷ் லீபெ டிஷ்' என்று ஒருவர் சொல்லி, உங்களுக்கும் அப்படித்தான் என்றால், 'இஷ் டிஷ் ஔஹ்' என்று சொல்ல வேண்டும். நானும் உன்னை. புதியவர்கள் அவசரத்தில் 'இஷ் ஔஹ்' என்று நடுச்சொல்லை விழுங்கிவிடுவார்கள். அப்போது அர்த்தம் 'நானும்' என்று மொட்டையாக நிற்கும். உனக்கு உன்னைப் பிடிக்கும் என்பது தெரிந்ததுதானே என்று கிண்டல் வரும்.

அந்த அளவுக்கு மனம் வரவில்லை என்றால் 'இஷ் ஹாப் டிஷ் ஔஹ் லீப்' என்று ஒரு படி இறங்கிப் பதில் சொல்லலாம். ஆனால் கேட்டவருக்கு அந்த ஒரு படி என்னவென்று உடனே புரிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோழியிடமிருந்து வாட்ஸப்பில் 'ஹா-டே-எல்' வந்தால் இத்தனை யோசனை தேவையில்லை. அதையே திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரம்மாவுக்கு நான் அன்றைக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பயத்தில் 'ஸேர் கெயேர்ட்டெ' என்று தொடங்கி, 'மிட் ஃப்ராய்ன்ட்லிஷென் க்ரூஸென்' என்று முடித்தேன். மறுநாள் மாடிப்படியில் பார்த்தவர், தலையை அசைத்துவிட்டு, என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார்.